கடல் விட்டகன்ற ஊர்கள்

இலங்கையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் எம்மவர் பெரும்பாலும் யாத்திரிகராகவே செல்கின்றனர். மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையாரையும் தாயுமானவரையும் வணங்கி, திருவானைக்காவிலும் திருவரங்கத்திலும் வழிபாடு முடித்து, நேரமிருப்பின் தஞ்சைப் பெரிய கோயிலையும் கண்டு மீளுகின்றனர். அதே நகரிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிச் சிறிது தூரம் சென்று, பாடாலூரிற் கிழக்கே திரும்புவோர் மிகச் சிலரே. அவ்வாறு திரும்புவோருக்கு, மனிதன் எழுப்பிய எந்தக் கோபுரத்தினும் பன்மடங்கு மூத்த காட்சியொன்று அங்கே காத்திருக்கின்றது.

சிவன் கோயிலாற் பெயர்பெற்ற பழைய ஊராகிய ஊட்டத்தூரைக் கடந்து, பருத்தியும் சோளமும் விளையும் புலங்களினூடே சென்றால், காரை என்னும் கிராமத்தின் அருகே நிலம் திடீரெனத் தன் தோற்றத்தை மாற்றிக்கொள்கின்றது. புல்லும் பூண்டும் அருகிய, மஞ்சளும் செம்மையும் கலந்த களிமண் மேடுகள்; அவற்றை மழைநீர் அரித்து அரித்து உண்டாக்கிய ஓடைகள்; ஓடைச் சுவர்களிலே கண்ணாடித் தகடுகள் போல மின்னும் ஜிப்சம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வறண்ட மண். வங்கக் கடலோ கிழக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றது. எனினும் அங்கே நம் காலடியிற் கிடப்பது கடலின் அடித்தளமேயாகும்.

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த தை மாதமொன்றில், உயர்தர வகுப்பு மாணவர் நால்வருடன் யான் அங்குச் சென்றிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எம்மைக் கண்டதும் வந்த நோக்கத்தை அறிந்துகொண்டார்.

"கல்லுப் பொறுக்க வந்தீங்களா ஐயா? நல்ல நேரந்தான். மழை பேஞ்சு ஓஞ்சாத்தான் மண்ணு கரைஞ்சு கல்லு வெளிய தெரியும்" என்றார்.

"அடிக்கடி ஆட்கள் வருவதுண்டா, பெரியவரே?" என்று கேட்டேன்.

"வருவாங்க. நோட்டுல எழுதிக்கிட்டுப் போறவங்களும் உண்டு, மூட்டையாக் கட்டிக்கிட்டுப் போறவங்களும் உண்டு" என்று கூறி ஆடுகளின் பின்னே நடந்தார்.

முதியவர் தம்மையறியாமலே ஒரு பெரிய வினாவை எம்முன் வைத்துச் சென்றார். அவ்வினாவை ஆராயுமுன், அங்கே பொறுக்கப்படும் கல் யாதென்பதை இளம் வாசகர்கள் அறிந்துகொள்ளல் நன்று.

அக்கல் அமோனைற்று எனப்படும். ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்டிருத்தலின், அத்தகைய கொம்புகளையுடைய அம்மோன் என்னும் எகிப்தியத் தெய்வத்தின் பெயரை மேனாட்டார் இதற்கு இட்டனர். பார்வைக்கு நத்தை போன்றிருப்பினும் இது நத்தையன்று. நம் கரையோர மக்கள் நன்கறிந்த கணவாய்க்கும் சாக்குக்கணவாய்க்கும் உறவான ஒரு கடல்வாழ் உயிர் கட்டிய வீடு இது. நத்தையின் ஓடு உள்ளே தடையில்லாத ஒரே குழாய். அமோனைற்றின் ஓடோ பல அறைகளாகப் பிரிக்கப்பட்டது. உயிர் வளர வளர, ஓட்டின் வாயை நீட்டி, முன்பிருந்த இடத்தைச் சுவரெழுப்பி அடைத்து, புதிய அறையிற் குடியேறும். கைவிட்ட அறைகள் வாயுவால் நிரம்பும். அவ்வறைகளையெல்லாம் ஊடுருவிச் செல்லும் மெல்லிய குழலொன்றினால், நீரின் அளவை மாற்றி, உயிர் தன் பாரத்தைச் சரிசெய்துகொண்டது. அறைச் சுவர்கள் ஓட்டின் உட்புறத்தைத் தொடும் இடங்களில் உண்டான நெளிகோடுகள், இலையின் விளிம்பு போலப் பலவாறு மடிந்திருக்கும். இக்கோடுகளின் அமைப்பைக் கொண்டே அறிஞர் இனங்களைப் பிரித்தறிகின்றனர்.

ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய இக்குலம், 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அடியோடு அழிந்தது. அதன் ஒன்றுவிட்ட உறவினராகிய நோட்டிலசு மட்டும் இன்றும் பசிபிக் மாகடலின் ஆழ்ந்த நீரில் வாழ்ந்து வருகின்றது.

நம்மிற் பலர் அமோனைற்றைப் பார்த்திருக்கின்றோம். ஆயினும் அப்பெயரால் அறிந்திலோம். வைணவ இல்லங்களிலும் கோயில்களிலும் பூசிக்கப்பெறும் சாளக்கிராமங்களுட் பல, நேபாளத்துக் கண்டகி நதி இமயத்தின் கரும்பாறைகளிலிருந்து அரித்துக் கொணரும் அமோனைற்றுகளே. திருமாலின் சக்கரமென அன்பர் போற்றும் வரிகள், யூராசிக் காலக் கடலில் வாழ்ந்த உயிரின் சுருள்களாகும். இதனை அறிவதாற் பக்திக்கு இழுக்கொன்றுமில்லை. இமயம் இருந்த இடத்திற் கடல் இருந்தது என்பதற்குச் சாட்சியாகிய கல்லை, காரணம் அறியாமலே நம் முன்னோர் போற்றிக் காத்தனர் என்று மகிழலாம்.

இனித் திருச்சிக் கடலைப் பார்ப்போம். தென்கண்டங்கள் யாவும் ஒன்றாயிருந்து பின் பிளவுபடத் தொடங்கிய காலத்தில், இந்தியாவின் கீழ்க்கரையோரம் நிலம் தாழ்ந்து பள்ளமாயிற்று. அறிஞர் அதனைக் காவிரிப் படுகை என்பர். அப்பள்ளம் பாக்கு நீரிணையின் அடியாக நம் மன்னார்ப் பக்கம் வரை நீளுகின்றது. உலகம் இன்றையினும் வெப்பமாயிருந்த கிரெற்றேசியக் காலத்தில், கடல்மட்டம் உயர்ந்து, அலைகள் ஊட்டத்தூர் வரை ஏறின. கடல் ஒரே முறையில் வந்து ஒரே முறையில் மீளவில்லை. பலமுறை முன்னேறியும் பின்வாங்கியும், ஒவ்வொரு முறையும் சேறும் மணலும் சுண்ணமும் படிவித்துச் சென்றது. அப்படிவுகள் கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்திருத்தலின், பயணிக்கு ஓர் அரிய வசதி வாய்த்திருக்கின்றது: மேற்கிலிருந்து கிழக்கே செல்லச் செல்ல, அவன் காலத்தில் முன்னோக்கிச் செல்கின்றான்.

காரையின் களிமண் 11 கோடி முதல் 9 கோடி ஆண்டுகள் வரை பழமையுடையது. அங்கே அமோனைற்றுகளுடன், பென்சில் முனை போன்ற பெலெம்னைற்றுகளும் சிதறிக் கிடக்கும். அவை கணவாய்க்கு உறவான வேறோர் உயிரின் உள்ளோடுகள். கிழக்கே செல்லச் செல்லச் சிப்பிகள் நெருங்கிச் செறிந்த பளிங்கு போன்ற பாறை தோன்றும். அருகிலுள்ள சாத்தனூரில், கடலுக்கு அடித்துவரப்பட்டுக் கல்லாகிப்போன மரமொன்றின் 18 மீட்டர் நீளமான அடிமரம் கிடக்கின்றது. தஞ்சை மண்ணிற் பிறந்த புவிச்சரிதவியலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940ஆம் ஆண்டு அதனைக் கண்டறிந்தார். இன்று வேலியிட்டுக் காக்கப்படும் தேசியச் சின்னம் அது. இன்னும் கிழக்கே, அரியலூரைச் சுற்றி, கிரெற்றேசியக் காலத்தின் கடைசிப் பகுதிக்குரிய சுண்ணாம்புக்கற்கள். அதற்கும் அப்பால் நின்னியூர்.

இப்பயணத்தின் உட்பொருள் முழுவதும் நின்னியூரிலேயே விளங்கும். அங்குள்ள பாறையும் கடற்பாறையே. சிப்பிகள் உண்டு, நோட்டிலசுக் குலத்தின் ஓடுகளும் உண்டு. அமோனைற்று மட்டும் இல்லை. காரையில் நிறைந்திருந்தது, அரியலூரில் விதவிதமாய் வாழ்ந்தது, நின்னியூரில் ஒன்றுகூட இல்லாதொழிந்தது. உலகின் மறுபுறத்தில், இன்றைய மெக்சிக்கோவின் கரையில், மாபெரும் விண்கல்லொன்று வீழ்ந்து, டைனோசர்களையும் அமோனைற்றுகளையும் ஒருங்கே அழித்த காலத்தின் எல்லை, அரியலூருக்கும் நின்னியூருக்கும் இடையே செல்கின்றது. ஒரு பகற்பொழுதிற் கடந்துவிடக்கூடிய தூரத்தில், ஒரு குலத்தின் வாழ்வையும் மறைவையும் ஏடு புரட்டுவது போற் புரட்டிப் பார்க்கும் பேறு உலகில் எல்லா இடத்திலும் கிட்டுவதன்று.

இவ்வேட்டை முதலிற் புரட்டியோர் அந்நிய ஆட்சிக்காலத்து அலுவலர்கள். 1840களின் தொடக்கத்தில் கே, கன்லிஃப் என்னும் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளிற் சேகரித்த கற்களை இலண்டனுக்கு அனுப்பினர். எட்வேட் ஃபோப்ஸ் என்பார் அவற்றை ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். பின்னர் இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோட் இந்நிலத்தை அளந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று படிவுகளை வகுத்தார். அவர் தொடங்கிவைத்த உயிர்ச்சுவட்டு ஆராய்ச்சியை மொறாவியா நாட்டிற் பிறந்த ஃபேடினாண்ட் ஸ்டொலிக்ஸ்கா ஏற்று நடத்தினார். 1861 முதல் 1873 வரை வெளிவந்த அப்பெருந்தொகுதிகளிற் பெரும்பகுதி அவர் எழுதியதே. அது முற்றுப்பெற்ற மறு ஆண்டே, இமயத்தைக் கடந்து மீளும் வழியில் லடாக்கில் உயிர்நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 36. அந்நூற்றாண்டின் இறுதியில் வியன்னாவைச் சேர்ந்த ஃபிரான்ஸ் கொஸ்மாற் இக்கற்களை மீண்டும் ஆராய்ந்தார்.

இவர்களது உழைப்பினால் நம் சிற்றூர்களின் பெயர்கள் அறிவுலகிற் பரவின. 'ஊட்டாட்டுரிசெராசு' என்பது ஊட்டத்தூரின் பெயர் தாங்கிய அமோனைற்றுச் சாதி. 'அரியலூரென்சிசு' என்னும் அடைமொழி அரியலூரைக் குறிப்பது. மடகாஸ்கரிலோ யப்பானிலோ உள்ள ஆராய்ச்சியாளன் தன் நாட்டுப் பாறையின் வயதை அறிய விரும்பினால், திருச்சி மாவட்டத்துக் கற்களோடு தன் கற்களை ஒப்பிட வேண்டியவனாகின்றான். அமோனைற்றுகள் விரைவாக உருமாறியவை. கடல்வழியே தூரதேசங்களுக்குப் பரவியவை. ஓரினம் சிறிது காலமே வாழ்ந்து மறையும். அதன் இடத்தில் மற்றோரினம் தோன்றும். ஆகையால், மன்னரின் தலை பொறித்த நாணயம் அகழ்வாராய்ச்சியாளனுக்குக் காலத்தைக் காட்டுவது போல, இவ்வோடு பாறையின் காலத்தைக் காட்டுகின்றது.

நாணயம் என்றேன். எந்த மண்படையிற் கிடந்தது என்று தெரியாத நாணயம் வெறும் செப்புத் துண்டு. அமோனைற்றும் அத்தகையதே. எமது கல்லூரி ஆய்வுகூடத்தில், என்றோ யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த கற்பெட்டியொன்று உண்டு. அதனுள்ளே அழகிய அமோனைற்று ஒன்றும் இருக்கின்றது. எந்த நாட்டுக் கல், எந்தப் பாறையில் இருந்தது, எடுத்தவர் யார் என்ற குறிப்பு ஒன்றுமில்லை. ஆண்டுதோறும் மாணவர் அதனைக் கையிலெடுத்து, "அழகாயிருக்கிறது" என்று கூறி வைத்துவிடுகின்றனர். அக்கல்லைக் கொண்டு அதற்கு மேல் ஒரு வசனங்கூடப் பேச இயலாது.

காரையில் என் மாணவன் ஒருவன் ஓடைச் சுவரில், உள்ளங்கை அகலமான சுருளொன்று பாதி புதைந்திருக்கக் கண்டான். கூச்சலிட்டு மற்றவர்களை அழைத்தான். நெளிகோடுகள் துலக்கமாய்த் தெரிந்தன. கத்தியினால் மண்ணைச் சற்று நெம்பினால் வெளியே வந்துவிடும்.

"சேர், இதை எங்கள் கல்லூரிக்குக் கொண்டு போவோமே. விளக்கச்சீட்டும் ஒழுங்காக எழுதி வைப்போம்" என்றான்.

"நாங்கள் எடுக்காவிட்டால் அடுத்த மழையில் உடைந்து போகும், சேர்" என்றான் மற்றொருவன்.

இரண்டாமவன் கூற்றை எளிதிற் புறக்கணித்தல் இயலாது. அரியலூருக்கு அணித்தாயுள்ள கல்லமேட்டில், 1980களில், மாபெரும் டைனோசர் ஒன்றின் எலும்புகள் வெளிப்பட்டன. அறிஞர் அதற்கு 'புருகத்காயோசோரசு' என்று பெயரிட்டனர். 'பெருங்காயத்தையுடைய பல்லி' என்பது அதன் பொருள். பூமியில் நடமாடிய விலங்குகளுள் மிகப் பெரியனவற்றுள் அதுவும் ஒன்றாகலாம். ஆனால் மழையில் நனைந்து இற்றுப்போயிருந்த அவ்வெலும்புகள் காப்பாற்றப்படுமுன்பே பொடிந்து போயின. எஞ்சியவை படங்களும் அளவுகளுமே. எடுக்காமல் விட்டாலும் அழிவுண்டு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

சுண்ணாம்புக்கல்லின் கதையும் அதுவே. கல்லக்குடியிலும் அரியலூரைச் சுற்றியும் உள்ள சீமெந்துத் தொழிற்சாலைகளுக்கு உணவாவது இப்பழங்கடலின் பாறையே. 1953இல் ஊர்ப்பெயருக்காக நடந்த போராட்டத்தினாற் கல்லக்குடியை நம்மவர் அறிவர். அவ்வூர்ச் சுண்ணாம்புக்கல் கடலுயிர்கள் கட்டிய பாறைத்தொடர் என்பதை அறிந்தோர் குறைவு. சுரங்கம் வெட்டப்படுவதால் உயிர்ச்சுவடுகள் வெளிப்படுகின்றன. வெட்டிய வேகத்திலே அரைவைக்கும் போகின்றன. வெட்டவே கூடாதெனல் வீடு கட்டி வாழும் நமக்குப் பொருந்தாது. வெட்டும் இடத்திற் காண்பானும் குறிப்பானும் ஒருவன் நிற்றல் வேண்டும் என்பதே நியாயம்.

அத்தகைய ஒருவன் இன்மையால் விளைவது யாது? 2020ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் உருண்டையான பெருங்கற்கள் வெளிப்பட்டபோது, டைனோசர் முட்டைகள் கிடைத்தன என்ற வதந்தி நாடெங்கும் பரவிற்று. வந்து பார்த்த அறிஞர்கள் அவை அமோனைற்றுகளைச் சூழ்ந்து திரண்ட கல்லுருண்டைகளே என்று தெளிவுபடுத்தினர். முட்டையென்றால் ஓடிவருகின்றோம், அமோனைற்று என்றாலோ திரும்பிப் பாராமற் செல்கின்றோம். உண்மையில் அவ்வுருண்டை, முட்டையினும் அதிகமாக அம்மண்ணின் வரலாற்றை நமக்குச் சொல்லக்கூடியது.

மாணவர் நால்வரும் என் முகத்தை நோக்கி நின்றனர். நாம் அங்கு விருந்தினர். அக்கல் அந்நாட்டின் செல்வம். சுவரிற் பதிந்திருக்கும்வரை, மேலே எந்தப் படை, கீழே எந்தப் படை என்பதை அது காட்டிக்கொண்டேயிருக்கும். கல்லூரி அலுமாரியில் அது அழகு தருமேயன்றி அறிவு தராது. எனவே, எடுக்கலாகாது என்றேன். முகங்கள் வாடின. ஆயினும் செய்ய வேண்டிய வேலையைச் செய்தனர். ஒருவன் அடிமட்டத்தை அருகில் வைத்துப் படம் பிடித்தான். ஒருவன் சுருளின் குறுக்களவையும், ஓடையின் அடியிலிருந்து அதன் உயரத்தையும் அளந்தான். ஒருவன் கைத்தொலைபேசியைக் கொண்டு அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் குறித்தான். கண்டெடுத்தவன் மெல்லிய தாளை அதன்மேல் விரித்து, பென்சிலால் உரசி, நெளிகோடுகளைப் பதிவு செய்தான். அப்பதிவுகளின் பிரதியொன்று புவிச்சரிதவியல் பயிலும் திருச்சி நண்பரொருவர் வாயிலாக உரியவர்களுக்குச் சேர்ந்தது. மறுநாள், அரியலூருக்கு அருகே வாரணவாசியிலுள்ள அரசினர் உயிர்ச்சுவட்டு அருங்காட்சியகத்தில், அதே வகையான சுருள்களை அவர்கள் மணிக்கணக்காகப் பார்த்து நின்றனர். பெயர் தெரிந்தவரைப் பார்ப்பது போன்று பார்த்தனர்.

சேகரித்தல் தீதன்று. ஸ்டொலிக்ஸ்காவும் சேகரித்தவரே. ஆனால் மூட்டையாற் சேகரிப்பதற்கும் குறிப்பேட்டாற் சேகரிப்பதற்கும் வேறுபாடு உண்டு. உரிய அனுமதியின்றி எடாதிருத்தல், காக்கப்பட்ட இடத்திற் கைவையாதிருத்தல், எடுத்த கல்லுக்கு அன்றே இலக்கமிடுதல், இடமும் படையும் நாளும் எழுதிவைத்தல், அரியது கிடைப்பின் அறிந்தோரிடம் ஒப்படைத்தல் ஆகிய இவற்றைக் கைக்கொள்பவன் பள்ளிச் சிறுவனாயினும் ஆராய்ச்சியாளனே. கைக்கொள்ளாதவன் எத்துணைப் பெரியவனாயினும் வரலாற்றின் ஏட்டைக் கிழித்துச் செல்பவனே.

நம் நாட்டில் அமோனைற்றைத் தேடி அலைய வேண்டுவதில்லை. நிலத்தின் மேற்பரப்பில் அதற்குரிய பாறை இங்கில்லை. புத்தளத்துக்கு அருகே தப்போவையில் உள்ள யூராசிக் காலப் படிவுகள் நன்னீரில் உண்டானவை. அவற்றிற் செடிகளின் சுவடுகளே காணப்படும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லோ அமோனைற்றுகள் மறைந்து பலகோடி ஆண்டுகளின் பின், ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கடலிற் படிந்தது. ஆயினும் அதுவும் ஒரு கடலே. கிணறு வெட்டும்போது வெளிவரும் கற்களிற் சிப்பிகளின் அச்சும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் நிறைந்துள்ளன. கீரிமலைக் கேணிக்கு நீர் வருவது அக்கல்லின் இடுக்குகளினூடாகவே. 1990 வரை காங்கேசன்துறையிற் சீமெந்தானதும் அக்கல்லே. அதன் மீது வாழ்கின்றோம். அதன் நீரைக் குடிக்கின்றோம். அதனை எரித்த சுண்ணாம்பை வெற்றிலையிலும் தடவிக்கொள்கின்றோம்.

அயலில் யாரேனும் கிணறு வெட்டினால், வெட்டிப் போட்ட கற்குவியலுக்கு அருகே அரைமணி நேரம் அமர்ந்து பாருங்கள். சிப்பியின் அச்சொன்று கண்ணிற்பட்டால், ஊரின் பெயர், கிணற்றின் ஆழம், நாள் ஆகிய மூன்றையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி அதனுடன் கட்டிவையுங்கள். மூன்றே வரிகள்தாம். அவை எழுதப்பட்டால் கல் பேசும். எழுதப்படாவிட்டால், இரண்டு கோடி ஆண்டுகள் காத்திருந்தும், அது ஊமையாகவே ஒழிந்துபோகும்.